கையெழுத்துக்கு முன்னால் பேசுங்கள்: தமிழ்நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

மக்களவையில் 39 பேர், மாநிலங்களவையில் 18 பேர். எந்தக் கட்சி, எந்தக் கூட்டணி என்று பார்க்காமல் 57 பேருக்கும் பொதுவாக இந்த மடலை எழுதுகிறேன். திருப்பூரில் பனியன் ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு ஆவண வேலை பார்ப்பவன் நான். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், ஒரிஜின் சர்டிபிகேட் என்றே என் பொழுது போகிறது. இந்திய அரசு வேறொரு நாட்டோடு வர்த்தக ஒப்பந்தம் செய்துகொண்டால், அது ஒரு புதிய படிவமாகவும் ஒரு சுங்க அறிவிக்கையாகவும் எங்கள் மேசைக்கு வந்துவிடுகிறது. சட்டம் இயற்றும் உங்களுக்கோ, கையெழுத்து ஆவதற்கு முன்னால் அதன் ஒரு பக்கம்கூடக் காட்டப்படுவதில்லை. இது மாற வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன்.

ஒப்பந்தமே வேண்டாம் என்பவன் அல்ல நான். எங்கள் ஊரில் அப்படிச் சொல்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பிரிட்டனில் நம் ஆயத்த ஆடைக்கு 12 விழுக்காடு வரை இறக்குமதி வரி இருந்தது. வங்கதேசச் சரக்கு அதே துறைமுகத்தில் வரியில்லாமல் இறங்கியது. வியட்நாமுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தோடு 2020 ஆகஸ்ட் முதல் ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது. நமக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் 2007இல் தொடங்கிய பேச்சு 2013இல் நின்றுபோய், 2022இல்தான் மறுபடி தொடங்கியது. இந்த இடைவெளி எங்களுக்கு என்ன செய்தது என்பதைக் காஸ்டிங் ஷீட்டைப் பார்த்தால் புரியும். ஒரு டி-சர்ட்டின் விலை 3 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 விழுக்காடு வரி என்றால் 36 சென்ட். நூல் விலை, டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று எல்லாவற்றையும் நெருக்கிப் பிடித்த பிறகு பையர் 5 சென்ட் குறைக்கச் சொல்லி ஒரு வாரம் பேசுவார். அந்த 5 சென்ட்டுக்காகப் பீஸ் ரேட்டில் கைவைக்கும் கம்பெனிகள் உண்டு. 36 சென்ட்டை எந்தத் தையல்காரரின் கூலியிலிருந்தும் எடுக்க முடியாது. ஆர்டர் டாக்காவுக்குப் போய்விடும்.

எனவே 2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது எங்கள் ஊரில் உண்மையான மகிழ்ச்சி இருந்தது. எனக்கும் இருந்தது. ஆனால் அந்த ஒப்பந்தம் உருவான விதத்தையும், கையெழுத்தான பிறகு இரு நாடுகளிலும் என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, அந்த மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் சேர்ந்துகொண்டது.

பேச்சு தொடங்கியது 2022 ஜனவரியில். அந்த ஏப்ரலில் டெல்லிக்கு வந்த அன்றைய பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன் தீபாவளிக்குள் முடித்துவிட வேண்டும் என்றார். பிரெக்ஸிட்டால் என்ன லாபம் என்று தன் நாட்டு மக்களுக்குக் காட்ட அவருக்கு ஒரு ஒப்பந்தம் தேவைப்பட்டது. தீபாவளிக்குள் அவரே பதவியில் இல்லை. அவருக்குப் பின் வந்த அரசின் உள்துறை அமைச்சர் சுவெல்லா பிரேவர்மன், விசா முடிந்தும் தங்கிவிடுபவர்களில் இந்தியர்களே அதிகம் என்று வெளிப்படையாகப் பேசினார். டெல்லியில் அது கசப்பை உண்டாக்கியது. அடுத்து இரு நாடுகளிலும் தேர்தல். கடைசியில் 2025 மே மாதம் பேச்சு முடிந்ததாக அறிவித்தார்கள். வரி விழுக்காடுகளை அதிகாரிகள் பேசினாலும், எப்போது முடிப்பது, எதை விட்டுக்கொடுப்பது என்பதை உள்நாட்டு அரசியல்தான் முடிவு செய்கிறது. ஸ்காட்ச் விஸ்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 150 விழுக்காடாக இருந்த நம் வரி முதலில் 75 ஆகவும், பத்தாம் ஆண்டில் 40 ஆகவும் குறையும். ஸ்காட்லாந்தின் வடிசாலைகளுக்கு இதைக் கேட்டுப் பெறும் வலு இருந்தது. அந்தத் தொகுதிகளின் எம்.பி.க்கள் இதைத் தங்கள் பிரச்சினையாக எடுத்துக்கொண்டார்கள்.

கையெழுத்தான அன்றே பிரிட்டன் அரசு ஒப்பந்தத்தை முழுதாக வெளியிட்டது. அங்கே 2010இல் இயற்றிய ஒரு சட்டப்படி, எந்த உடன்படிக்கையும் நடைமுறைக்கு வருமுன் 21 அமர்வு நாட்கள் நாடாளுமன்றத்தின் முன் இருக்க வேண்டும். அதற்குள் மக்களவை எதிர்த்துத் தீர்மானம் போட்டால் அரசு மேலே போக முடியாது; காரணம் சொல்லி மறுபடி வைக்க வேண்டும். விவசாயத்துக்கும் உணவுத் தரத்துக்கும் என்ன பாதிப்பு என்று தனி ஆணையம் ஒன்று அறிக்கை தர வேண்டும். இரு அவைகளின் குழுக்களும் விசாரிக்கும், சாட்சிகளைக் கூப்பிடும். இது போதாது என்று அங்குள்ள எம்.பி.க்களே குறைபட்டுக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியாவோடு 2022 ஏப்ரலில் நாம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையும் அவர்களுடைய நாடாளுமன்றக் கூட்டுக்குழு ஆராய்ந்தது. இரு அவைகளும் சட்டம் நிறைவேற்றிய பிறகுதான் அந்த டிசம்பரில் அது நடப்புக்கு வந்தது.

இங்கே அமைச்சரவை ஒப்புதல் தருகிறது, அமைச்சர் கையெழுத்திடுகிறார். அவ்வளவுதான். ஐக்கிய அரபு அமீரகத்தோடு 88 நாட்களில் பேசி முடித்தோம் என்று அரசு பெருமையோடு சொன்னது. அந்த 88 நாட்களில் உங்களில் எவரிடமாவது ஒரு வார்த்தை கேட்டார்களா? எந்தக் கட்சி ஆண்டாலும் நடைமுறை இதுதான். 2009இல் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானோடு செய்த ஒப்பந்தமும் இப்படித்தான் கையெழுத்தானது, 1998இல் இலங்கையோடு செய்ததும் இப்படித்தான்.

இந்த நடைமுறையை மாற்றச் சட்டம் தடையாக இல்லை என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், ஒன்றியப் பட்டியலின் 14ஆம் பதிவு வெளிநாடுகளோடு உடன்படிக்கை செய்யும் பொருளை நாடாளுமன்றத்தின் சட்டமியற்றும் அதிகாரத்துக்குள் வைத்திருக்கிறது. ஆனால் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தி, உடன்படிக்கைகளை எப்படிச் செய்ய வேண்டும் என்று நாடாளுமன்றம் இதுவரை ஒரு சட்டம் இயற்றவில்லை. சட்டம் இல்லாத இடத்தை 73ஆம் உறுப்பின்படி அமைச்சரவை நிரப்பிக்கொள்கிறது. அதே அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 14ஆம் பதிவைப் பாருங்கள்: விவசாயம். தேயிலைக்கும் மிளகுக்கும் பாமாயிலுக்கும் வரி எவ்வளவு என்று வெளிநாட்டோடு ஒப்புக்கொள்ளும்போது, விவசாயத்தைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் மாநிலத்திடம் கேட்கவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. 253ஆம் உறுப்பு மாநிலப் பட்டியல் என்ற தடையையும் தாண்டிப்போக வழி தருகிறது. நீதிபதி எம்.என். வெங்கடாசலய்யா தலைமையில் அமைந்த அரசமைப்புச் சட்ட மறுஆய்வு ஆணையம், உடன்படிக்கை செய்வதை முறைப்படுத்த நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும் என்று 2002இலேயே பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டின் எம்.பி.க்களுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1974 ஜூனில் இலங்கையோடு கச்சத்தீவு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜூலையில் வெளியுறவு அமைச்சர் அதை ஓர் அறிக்கையாக மக்களவையில் வைத்தார். தமிழ்நாட்டு உறுப்பினர் இரா. செழியன் எழுந்து கடுமையாக எதிர்த்துப் பேசினார். அவர் பேசும்போது பேச எதுவும் மிச்சமில்லை, எல்லாம் முடிந்துபோயிருந்தது. ராமேஸ்வரத்து மீனவர்கள் அதன் பலனை இன்றும் கடலில் அனுபவிக்கிறார்கள். ஒவ்வொரு தேர்தலிலும் கச்சத்தீவைப் பேசும் நம் கட்சிகள், அந்த அநீதிக்கு வழிவிட்ட நடைமுறை அப்படியே இருக்கிறதே என்று ஏன் பேசுவதில்லை? வரி ஒப்பந்தமோ எல்லை ஒப்பந்தமோ, முடிந்த பிறகு அவைக்கு வந்தால் கேள்வி கேட்கலாம், வருத்தப்படலாம். மாற்ற முடியாது.

டெல்லியில் இதற்குச் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். பேரம் ரகசியமாகத்தான் நடக்க வேண்டும், 543 பேரைக் கேட்டுக்கொண்டிருந்தால் எதிராளிக்கு நம் கை தெரிந்துவிடும், நம் அதிகாரிகளின் கையைக் கட்டிப்போடாதீர்கள் என்பார்கள். நான் சொல்ல வருவது இதற்கு நேர் எதிரானது. உள்ளூரில் நாடாளுமன்றம் பலமாக இருந்தால்தான் வெளியூரில் நம் அதிகாரியின் கை ஓங்கும்.

அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் புட்னம் 1988இல் எழுதிய ஒரு கட்டுரை, பன்னாட்டுப் பேச்சுகளைப் பற்றிப் படிப்போர் எல்லாருக்கும் பரிச்சயமானது. ஒவ்வொரு பேச்சாளரும் ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டம் ஆடுகிறார், ஒன்று வெளிநாட்டோடு, மற்றொன்று தன் நாட்டு மக்களோடு என்பது அதன் சாரம். பொருளியல் அறிஞர் தாமஸ் ஷெல்லிங் அதற்கு முன்பே ஒன்றைக் கவனித்துச் சொல்லியிருந்தார்: தன் நாட்டில் ஒப்புதல் வாங்குவது கடினம் என்று உண்மையாகவே சொல்ல முடிந்தவர், பேரத்தில் அதிகம் பெறுகிறார். இதைப் படித்தவுடன் எனக்கு எங்கள் ஊர் நிட்டிங் யூனிட் முதலாளிகள்தான் நினைவுக்கு வந்தார்கள். நூல் வியாபாரியிடம் விலை பேசும்போது, “எனக்குச் சரிதான், பார்ட்னர் ஒத்துக்க மாட்டார்” என்று சொல்லும் முதலாளி கிலோவுக்கு இரண்டு ரூபாயாவது குறைத்துவிடுவார். பார்ட்னர் என்று ஒருவர் உண்மையில் இருக்க வேண்டும், அவர் கறாரானவர் என்று ஊருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் அந்த வார்த்தைக்கு மதிப்பு.

அமெரிக்கப் பேச்சாளருக்கு அப்படி ஒரு பார்ட்னர் உண்டு. “காங்கிரஸ் ஒப்புக்கொள்ளாது” என்று அவர் சொன்னால் எதிரே இருப்பவர் அதை நம்பியாக வேண்டும். 2006இல் பெரு நாட்டோடு அமெரிக்கா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. பெருவின் நாடாளுமன்றம் ஒப்புதலும் தந்துவிட்டது. அந்த ஆண்டு நவம்பர் தேர்தலில் அமெரிக்கக் காங்கிரஸ் கைமாறியது. புதிய காங்கிரஸ், தொழிலாளர் உரிமை, சுற்றுச்சூழல், மருந்து ஆகிய இயல்களைத் திருத்தினால்தான் வாக்களிப்போம் என்றது. 2007 மே 10 அன்று வெள்ளை மாளிகை அதற்கு இறங்கிவந்தது. கையெழுத்தாகிவிட்ட ஒப்பந்தம் திருத்தப்பட்டது, பெரு அதை மறுபடி நிறைவேற்றியது. மருந்துக் காப்புரிமை விதிகளில் பெருவுக்குச் சாதகமாகவும் சில தளர்வுகள் கிடைத்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு சட்டமன்றம் விழித்திருந்தால், சில நேரம் எதிர்த்தரப்பு மக்களுக்கும் நன்மை உண்டு.

ஐரோப்பாவில் 2016 அக்டோபரில் நடந்தது இன்னும் வியப்பானது. கனடாவோடு ஏழு ஆண்டு பேசி முடித்த ஒப்பந்தத்தை, பெல்ஜியத்தின் ஒரு மாநிலமான வலோனியா தடுத்து நிறுத்தியது. மக்கள்தொகை சுமார் 36 லட்சம். அதன் முதல்வர் பால் மானியெட், முதலீட்டாளர்கள் அரசுகள்மீது வழக்குப் போடும் ஏற்பாட்டையும் விவசாயத்தையும் குறித்துத் தெளிவான உறுதிமொழி கேட்டார், பெற்றார், ஒப்பந்தமும் கையெழுத்தானது. அதே பேச்சில் கனடா தரப்பில் மாநில அரசுகளின் பிரதிநிதிகள் அறைக்குள்ளேயே இருந்தார்கள். மாநிலங்கள் கட்டுப்படாவிட்டால் ஒப்பந்தத்தால் பயனில்லை என்று ஐரோப்பியர்களே கேட்டுக்கொண்ட ஏற்பாடு அது. சுவிட்சர்லாந்தில் இந்தோனேசிய ஒப்பந்தம் 2021 மார்ச்சில் மக்கள் வாக்கெடுப்புக்கே போனது. பாமாயில்தான் சர்ச்சை. 51.6 விழுக்காட்டினர் ஆதரித்து வாக்களித்தார்கள். உலகம் ஒன்றும் நின்றுவிடவில்லை.

இனி நம் வர்த்தக அமைச்சக அதிகாரி ஒருவரை நினைத்துப் பாருங்கள். எதிரே இருப்பவருக்குத் தெரியும், இவருக்குப் பின்னால் வாக்களிக்கும் அவை எதுவும் இல்லை, அமைச்சர் சரி என்றால் சரி. “நாடாளுமன்றம் ஏற்காது” என்று இவரால் சொல்ல முடியாது. 2019 நவம்பரில் ஆர்செப் என்ற ஆசிய-பசிபிக் நாடுகளின் வர்த்தக ஒப்பந்தத்திலிருந்து இந்தியா விலகியபோதும் காரணம் அவை அல்ல. பால் உற்பத்தியாளர்களும் விவசாய அமைப்புகளும் வீதிக்கு வந்ததுதான். வீதியில் இறங்க ஆள்பலம் உள்ளவர்களுக்கு அந்த வழி உண்டு. கூடலூரில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தேயிலை வைத்துப் பச்சை இலை பறித்து ஃபேக்டரிக்குப் போடுபவருக்கு உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?

தேயிலையைச் சொன்னதால் ஆசியான் ஒப்பந்தத்தைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். 2009 ஆகஸ்டில் பாங்காக்கில் கையெழுத்தாகி 2010 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. 489 பொருள்கள் விலக்குப் பட்டியலில் வைக்கப்பட்டன. இயற்கை ரப்பர் அதில் இருந்ததால் கன்னியாகுமரி ரப்பர் விவசாயிக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. தேயிலை, காபி, மிளகு, பாமாயில் ஆகியவற்றைச் சிறப்புப் பொருள்கள் என்று தனியே வைத்து வரியைப் படிப்படியாகக் குறைக்க ஒப்புக்கொண்டார்கள். தேயிலைக்கும் காபிக்கும் 100லிருந்து 45. மிளகுக்கு 70லிருந்து 50. கச்சா பாமாயிலுக்கு 80லிருந்து 37.5. கேரளத்தில் அன்றைய அரசும் ஆளுங்கட்சியும் இதை எதிர்த்து, 2009 அக்டோபர் 2 அன்று காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை மனிதச் சங்கிலி நடத்தின. அதே மலைத்தொடரின் இந்தப் பக்கம், அதே மிளகும் தேயிலையும் விளையும் நம் மாவட்டங்களில் அந்த அளவுக்குப் பேச்சே எழவில்லை.

பாமாயிலில் நமக்குள்ளேயே ஒரு வழக்கு இருக்கிறது. பொள்ளாச்சியிலும் பேராவூரணியிலும் தென்னை விவசாயிகள், இறக்குமதிப் பாமாயிலால்தான் கொப்பரை விலை எழுந்திருக்க மாட்டேன் என்கிறது என்று சொல்லிவந்தார்கள்; ரேஷன் கடையில் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று போராடினார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதே பொள்ளாச்சியில், அந்தத் தோப்புகளிலேயே தேங்காய் பொறுக்கவும் மட்டை உரிக்கவும் போகும் பெண்கள், ரேஷன் கடையில் 25 ரூபாய்க்கு வாங்கும் ஒரு லிட்டர் பாமாயில் பாக்கெட்டில்தான் மாதத்தை ஓட்டுகிறார்கள். வெளிச்சந்தையில் தேங்காய் எண்ணெய் வாங்கித் தாளிக்க அவர்களால் முடியாது. தோப்புக்காரரும் உங்களுக்குத்தான் வாக்களித்தார், மட்டை உரிப்பவரும் உங்களுக்குத்தான் வாக்களித்தார். பாமாயிலுக்கு 80 விழுக்காடு வரியா, 37.5ஆ என்ற கேள்வி மலேசியாவுக்கும் நமக்கும் இடையிலானது மட்டும் அல்ல. இவர்கள் இருவருக்கும் இடையே எங்கே கோடு போடுவது, இழப்பவருக்கு என்ன ஈடு தருவது என்ற கேள்வியும் அதுவே. நம் மக்களில் ஒரு பகுதியினருக்கும் இன்னொரு பகுதியினருக்கும் இடையே முடிவு செய்யும் வேலையை எந்த ஜனநாயகமும் அதிகாரிகளிடம் மட்டும் விடலாகாது. அந்த வேலைக்குத்தான் உங்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பினோம்.

அந்த ஆசியான் ஒப்பந்தம் நமக்குப் பாதகமாக அமைந்தது என்று பின்னால் வந்த ஒன்றிய அரசே சொன்னது. ஆசியானோடு நம் வர்த்தகப் பற்றாக்குறை 2022-23இல் 43 பில்லியன் டாலரைத் தாண்டியது. மறுஆய்வுப் பேச்சை முறைப்படித் தொடங்க இரு தரப்பும் ஒப்புக்கொண்டது 2023இல். நடுவே போன ஆண்டுகள் பதினான்கு. கையெழுத்துக்கு முன் ஓர் அவைக்குழு ஆறு மாதம் உட்கார்ந்து வரி அட்டவணையைப் பார்த்திருந்தால், கொச்சியிலும் கோவையிலும் குன்னூரிலும் சாட்சி கேட்டிருந்தால், இந்தப் பதினான்கில் எத்தனை ஆண்டு மிச்சமாகியிருக்கும்?

வரியைத் தாண்டிய இயல்கள் இன்னும் கவனம் கேட்பவை. பிரிட்டன் ஒப்பந்தத்தில் அறிவுசார் சொத்துரிமை என்று ஓர் இயல் இருக்கிறது. மருந்துகள் மக்களுக்குக் கிடைக்கச் சிறந்த வழி, காப்புரிமையாளர் தாமாக முன்வந்து உரிமம் தருவதுதான் என்ற பொருளில் அங்கே ஒரு வாசகத்தை ஏற்றிருக்கிறோம். 2012 மார்ச்சில், பேயர் நிறுவனத்தின் நெக்ஸாவர் என்ற புற்றுநோய் மருந்தைத் தயாரிக்க ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்கு இந்தியா கட்டாய உரிமம் தந்தது. மாதத்துக்கு சுமார் 2.8 லட்சம் ரூபாய் ஆன மருந்து 9,000 ரூபாய்க்கும் குறைவாக வந்தது. பேயரின் மேல்முறையீட்டைத் தள்ளி அந்த ஆணையை 2013இல் உறுதி செய்தது, அப்போது சென்னையில் இயங்கிவந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம். அதன் தலைவராக இருந்தவர் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன். அந்த ஆணை சாத்தியமானதே, காப்புரிமையாளர் தாமாக விலையைக் குறைக்க மாட்டார் என்ற இடத்தில் அரசு தலையிடலாம் என்று நம் சட்டம் சொன்னதால்தான். கட்டாய உரிமம் தரும் அதிகாரத்தை இந்த ஒப்பந்தம் பறிக்கவில்லை என்று அரசு சொல்கிறது. சட்டத்தின் எழுத்துப்படி அது சரியே. ஆனால் அடுத்த முறை ஒரு நோயாளிக்காக யாராவது கட்டாய உரிமம் கேட்டுப் போனால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இந்த வாசகத்தைத்தான் முதலில் எடுத்து வைப்பார். காஞ்சிபுரத்திலும் அடையாற்றிலும் புற்றுநோய் மருத்துவமனைகளின் வாசலில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களுக்காக, இந்த ஒரு வாசகத்தைப் பற்றியாவது கையெழுத்துக்கு முன் அவையில் ஒரு மணி நேரம் பேசியிருக்க வேண்டாமா?

ரகசியம் என்ற வாதத்துக்கு வருகிறேன். இந்தியாவோடு பேச்சை மறுபடி தொடங்கிய 2022இல், ஐரோப்பிய ஆணையம் தன் தரப்பு முன்மொழிவுகளை இயல் இயலாகத் தன் இணையதளத்தில் வெளியிட்டது. விதை, காப்புரிமை, தோற்ற விதி என எல்லாவற்றிலும் நம்மிடம் அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று அவர்களின் குடிமக்கள் படித்தார்கள். இங்குள்ள விவசாய அமைப்புகளும் நோயாளிகளின் அமைப்புகளும் அதை அங்கிருந்துதான் இறக்கிப் படித்தன. நம் அரசு என்ன கேட்டது, எதைத் தரத் தயாராக இருந்தது என்பது மட்டும் நமக்குத் தெரியவில்லை. கடைசி நிமிடத்தில் எந்த விழுக்காட்டில் இறங்குவோம் என்பது ரகசியமாக இருக்கட்டும். எதற்காகப் பேசப்போகிறோம், எதைத் தொடவே மாட்டோம் என்பதை அவையில் சொல்வதால் என்ன கெட்டுவிடும்?

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்கின்மீது 50 விழுக்காடு வரி போட்டபோது திருப்பூர் பட்ட பாட்டை உங்களில் பலர் நேரில் வந்து பார்த்தீர்கள். தயாரான சரக்கு பெட்டி பெட்டியாக நின்றது, ஷிப்ட்டுகள் குறைந்தன, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருந்த பிள்ளைகள் ஊருக்கு ரயில் ஏறினார்கள். அந்த வரி அமெரிக்க அதிபர் என்ற ஒரு தனி மனிதரின் ஆணையில் வந்தது. அமெரிக்காவின் சிறு இறக்குமதியாளர்கள், வரி போடும் அதிகாரம் காங்கிரஸுக்கு உரியது என்று நீதிமன்றம் போனார்கள். 2025 மே மாதத்திலேயே அங்குள்ள பன்னாட்டு வணிக நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்திருந்தது. மக்கள் அவையைத் தாண்டி வரி நிர்ணயிக்கப்படும்போது யார் அடிபடுவார்கள் என்பதற்கு எங்கள் ஊரைவிட வேறு சாட்சி வேண்டாம். அதனால்தான் அமெரிக்காவோடு எந்த ஒப்பந்தம் வந்தாலும் சீக்கிரம் கையெழுத்திடுங்கள் என்று எங்கள் ஊரிலேயே பலர் கேட்டார்கள். அவர்களின் அவசரம் எனக்குப் புரிகிறது. அதே அவசரத்தைக் காட்டி மக்காச்சோளமும் சோயாவும் பாலும் நம்மிடம் கேட்கப்பட்டன என்பதையும் நான் பார்க்கிறேன். பனியனுக்காகப் பால்காரரைக் கைவிடச் சொல்லும் உரிமை திருப்பூருக்கு இல்லை. இரண்டையும் எடைபோட்டு முடிவு சொல்ல வேண்டியது அவை.

உடன்படிக்கைகளை முறைப்படுத்தும் சட்டம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. எந்த ஒப்பந்தமும் சரக்கின்மீது செயல்படுவது, 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்கீழ் நிதி அமைச்சகம் வெளியிடும் அறிவிக்கை வழியாகத்தான். இலங்கை ஒப்பந்தத்துக்கு 26/2000, ஆசியானுக்கு 46/2011. எங்களைப் போன்றவர்களுக்கு இந்த எண்கள் மனப்பாடம். அதே சட்டத்தின் 159ஆம் பிரிவு, இந்த அறிவிக்கைகளை இரு அவைகளின் முன்பும் 30 அமர்வு நாட்கள் வைக்க வேண்டும் என்கிறது. இரு அவைகளும் சேர்ந்து மாற்றச் சொன்னால் மாற்ற வேண்டும், வேண்டாம் என்றால் அது செல்லாது. மக்களவையில் பகல் 12 மணிக்குக் கேள்வி நேரம் முடிந்ததும் இணை அமைச்சர் எழுந்து ஒரு கட்டுத் தாளை வைத்துவிட்டு உட்காருவார். ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்தக் கட்டுக்குள்தான் நீலகிரியின் தேயிலையும் பொள்ளாச்சியின் கொப்பரையும் இருக்கின்றன. அதைப் பிரித்துப் படித்து, திருத்தத் தீர்மானத்துக்கு நோட்டீஸ் கொடுங்கள். நிறைவேறாமல் போகலாம். ஆனால் அமைச்சர் பதில் சொல்ல வேண்டிவரும், அது அவைக்குறிப்பில் ஏறும், அடுத்த பேச்சுக்குப் போகும் அதிகாரி அதைப் படித்துவிட்டுத்தான் போவார்.

வர்த்தகத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவில் உங்களில் யார் இருந்தாலும், நடந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு பேச்சைப் பற்றியும் மூடிய கதவுக்குள்ளாவது விளக்கம் கேளுங்கள். ராணுவ விவரங்களையே நிலைக்குழுவிடம் பகிரும் அரசுக்கு, முட்டைக்கோஸ் வரியைப் பகிர்வதில் என்ன தயக்கம் இருக்க முடியும்? சென்னையில் மாநில அரசிடமும் கேளுங்கள். ஆடை, தோல், தேயிலை, தென்னை, மீன், மருந்து என்று துறைவாரியாக நமக்கு எது வேண்டும், எது ஆகாது என்ற ஒரு நிலைப்பாட்டுத் தாள் தலைமைச் செயலகத்தில் தயாராக இருக்க வேண்டும். கையில் தாள் இல்லாமல் டெல்லியில் உரிமை பேசி என்ன பயன்? கேரளத்தின் எம்.பி.க்களோடும், ஆந்திரத்து இறால் வளர்ப்போரின் எம்.பி.க்களோடும், பஞ்சாபின் எம்.பி.க்களோடும் இந்த ஒரு விஷயத்தில் சேர்ந்து நிற்பதில் எந்தக் கூட்டணித் தர்மமும் கெடாது.

அதற்குமேல், ஒரு தனிநபர் மசோதா கொண்டுவாருங்கள். ஒன்றியப் பட்டியல் 14ஆம் பதிவின்கீழ், வர்த்தக உடன்படிக்கைகளுக்கென்று. பேச்சு தொடங்குமுன் நோக்கத்தை அவையில் வைக்க வேண்டும். கையெழுத்துக்கு முன் முழு வாசகமும், எந்தத் துறைக்கு என்ன ஆகும் என்ற மதிப்பீடும் நிலைக்குழுவுக்கு வர வேண்டும். மாநிலப் பட்டியலில் உள்ள பொருள் என்றால் மாநிலத்தின் கருத்தைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அவை வாக்களித்த பிறகே ஒப்பந்தம் நடப்புக்கு வர வேண்டும். தனிநபர் மசோதாக்கள் நிறைவேறுவது அபூர்வம் என்பது தெரியும். திருநங்கையர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை 2015இல் மாநிலங்களவை நிறைவேற்றியது. அது அப்படியே சட்டமாகவில்லை, ஆனால் அரசு தன் மசோதாவைக் கொண்டுவந்தே ஆகவேண்டிய நிலையை உண்டாக்கியது. தமிழ்நாட்டிலிருந்து போனவர் செய்த வேலை அது. இன்னொரு முறையும் செய்ய முடியும்.

அடுத்த கூட்டத்தொடருக்கு முன் உங்களுக்கு ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் திருப்பூருக்கு வாருங்கள். மேடை வேண்டாம், சால்வை வேண்டாம். பிரிட்டன் ஒப்பந்தத்தின் வரி அட்டவணையை அச்செடுத்து வைத்திருக்கிறோம். ஏற்றுமதியாளர், ஜாப் ஒர்க் யூனிட்காரர், தொழிற்சங்கத்தார், பொள்ளாச்சியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் வரச் சம்மதித்த விவசாயிகள் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து, யாருக்கு எந்த வரியில் லாபம், எந்த வரியில் நஷ்டம் என்று பார்த்துவிடலாம். அவையில் நீங்கள் கேட்கவேண்டிய கேள்விகளை எழுதிக்கொண்டு அன்று மாலையே கிளம்பிவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாக்காளர்களில் ஒருவன்,
திருப்பூர்